பைன் தேக்காகுமா?

நெதர்லாந்தின் வடக்கே ஸ்னேக் என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. அதன் ஓரமாகப் போகும் ஏ7 நெடுஞ்சாலைக்கு மேலே குறுக்கே இரண்டு பாலங்கள் நிற்கின்றன. ஒன்றை 2008-இல் திறந்தார்கள், மற்றதை 2010-இல். இரண்டுமே மரப் பாலங்கள்! நடந்து போகிறவர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 60 டன் லாரி ஏறினாலும் தாங்கும்படி கட்டியிருக்கிறார்கள். வருடம் முழுக்க மழையும் ஈரமுமாக இருக்கிற ஊர் அது. அங்கே இந்தப் பாலம் 80 ஆண்டு நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அப்படியென்றால் பாலம் தேக்கில் செய்ததா? இல்லை. ராடியாட்டா பைன் என்ற மரத்தில் செய்தது. நியூசிலாந்தில் தோட்டம் தோட்டமாக வளர்க்கிற மரம் இது. சுமார் 30 ஆண்டுக்குள் வெட்டத் தயாராகிவிடும். விலை மலிவு, கட்டை மென்மை. சும்மா அறுத்து ஈர மண்ணில் நட்டால் சில ஆண்டுகளிலேயே இற்றுப்போகும்.

இற்றுப்போகிற மரம் 80 ஆண்டு நிற்குமா? நிற்க வைக்கலாம். எப்படி என்று தெரிய வேண்டுமானால், முதலில் மரத்தை யார் தின்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால் வேறொரு கேள்வி: இத்தனை சிரமப்பட்டு மரத்தால் ஏன் கட்ட வேண்டும்?

வெப்பம் நுழையாத சுவர்

மதிய வெயிலில் இரும்புக் கதவைத் தொட்டால் கை சுடும். பக்கத்திலேயே இருக்கும் மரக் கதவைத் தொட்டால் அவ்வளவு சுடாது. இரண்டின் மேலும் ஒரே வெயில்தான் அடிக்கிறது. இரும்பு தன்னிடம் உள்ள வெப்பத்தைச் சட்டென்று கைக்குக் கடத்துகிறது. மரம் மெதுவாகத்தான் கடத்தும்.

ஒரு துண்டு மரத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் காரணம் புரியும். ஜூஸ் குடிக்கிற உறிஞ்சுகுழல்களை ஆயிரக்கணக்கில் சேர்த்துக் கட்டிய கட்டு போலத் தெரியும். ஒவ்வொரு குழலுக்குள்ளும் காற்று இருக்கிறது. அப்படி அடைபட்டு நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. பைன் மரத்தைவிட கான்கிரீட் ஏறத்தாழ பத்து மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. அலுமினியம் ஆயிரம் மடங்குக்கும் மேல்! அதனால்தான் ஏ.சி. போட்ட அறையில் அலுமினியச் சட்டம் வைத்த சன்னல் வழியாக வெளிவெப்பம் உள்ளே வந்துகொண்டே இருக்கும். மரச் சட்டம் அதைத் தடுக்கும், மின்சாரம் மிச்சமாகும்.

பொருளைச் செய்வதற்கும் மின்சாரம் வேண்டுமே? தாதிலிருந்து ஒரு கிலோ அலுமினியத்தைப் பிரித்தெடுக்க ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரம் ஆகிறது. மரமோ வெயிலையும் மழையையும் வாங்கிக்கொண்டு தானே வளர்கிறது. வளரும்போது காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்கிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன்தான். வீட்டின் சன்னலாகவோ உத்திரமாகவோ மரம் இருக்கும்வரை அந்தக் கார்பனும் அதற்குள்ளேயே இருக்கும்.

ஆனால் மரம் அழுகினால் அந்தக் கார்பன் மறுபடி காற்றுக்குப் போய்விடும். இன்னொன்றும் யோசியுங்கள். ஒரு மரச் சன்னல் 15 ஆண்டில் உளுத்துப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 ஆண்டுக்கு நான்கு சன்னல் வேண்டும். நான்கு தடவை மரம் வெட்டி, அறுத்து, லாரியில் ஏற்றி, இழைத்துப் பொருத்த வேண்டும். அந்த ஒரே சன்னல் 60 ஆண்டு நின்றுவிட்டால் ஒரு தடவை செலவோடு முடிந்தது. ஆக, ஒரு கட்டடப் பொருள் எவ்வளவு ஆற்றலை மிச்சப்படுத்தும் என்று கேட்டால், அது எத்தனை நாள் உழைக்கும் என்றும் சேர்த்தே கேட்க வேண்டும்.

தின்ன வருகிறவர்கள்

மரத்தில் மூன்று முக்கியமான பொருள்கள் இருக்கின்றன: செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். முதல் இரண்டும் சர்க்கரைக் கூறுகள் சங்கிலியாகக் கோத்தவை. மூன்றாவது, அவற்றைச் சேர்த்துப் பிடித்து விறைப்பாக நிறுத்துகிற பொருள். நமக்கு மரம் செரிக்காது. ஆனால் அந்தச் சர்க்கரைச் சங்கிலியை உடைக்கத் தெரிந்தவர்களுக்கு அது விருந்து.

முதல் விருந்தாளி கரையான். அதன் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் செல்லுலோஸைச் செரித்துக் கொடுக்கின்றன. அடுத்தது துளைக்கும் வண்டு. கட்டையின் வெளிப்பகுதியில் இருக்கும் மாவுச்சத்துக்காக அது வருகிறது. மேசைக் காலின் கீழே மாவு மாவாகக் கொட்டிக் கிடந்தால் அது இந்த வண்டின் வேலை. மூன்றாவதாக வருவது பூஞ்சை. திறந்தவெளியில் நிற்கும் கட்டடங்களுக்குப் பெரிய எதிரி இதுதான்.

பூஞ்சைகளில் ஒரு வகை செல்லுலோஸை உடைத்துத் தின்றுவிட்டு லிக்னினை விட்டுவைக்கும். அப்படி அழுகிய கட்டை பழுப்பு நிறமாகிச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெடித்திருக்கும். விரலால் நசுக்கினால் பொடியாகும். இன்னொரு வகை லிக்னினையும் சேர்த்துத் தின்னும். அந்தக் கட்டை வெளுத்து நார் நாராகப் பிரியும். மழைக்காலத்தில் விழுந்து கிடக்கும் பழைய கட்டைகளைப் பாருங்கள், இரண்டு வகையையும் கண்டுபிடித்துவிடலாம்.

இந்தப் பூஞ்சைக்கு நான்கு தேவைகள்: உணவு, காற்று, மிதமான வெப்பம், நீர். காற்றையும் வெப்பத்தையும் நம்மால் தடுக்க முடியாது. நீரைத் தடுக்கலாம். உலர்ந்த மரத்தின் எடையில் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழே ஈரம் இருந்தால் பூஞ்சையால் வளர முடியாது. ஈரம் குறைந்தால் இன்னொரு லாபமும் உண்டு. காற்றைவிட நீர் வெப்பத்தை அதிகம் கடத்தும் அல்லவா? அதனால் நனைந்த மரம் வெப்பத்தைத் தடுக்கும் வேலையைச் சரியாகச் செய்யாது. உலர்ந்திருந்தால் மரத்துக்கு ஆயுளும் நீளும், வீட்டுக்குள் வெப்பமும் நுழையாது.

கல்லின் மேல் நிற்கும் மரம்

இது பழைய தச்சர்களுக்கு நன்றாகத் தெரியும். நார்வே நாட்டில் போர்குண்ட் என்ற இடத்தில் ஒரு மரத் தேவாலயம் இருக்கிறது. கட்டி 800 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அதற்கு முன்பு அங்கே கட்டிய தேவாலயங்களில் தூண்களை நேராக மண்ணில் புதைத்தார்கள். அடிப்பகுதி அழுகிப்போனது. பிறகு கல் அடுக்கி, அதன் மேல் உத்திரம் வைத்து, உத்திரத்தின் மேல் தூண்களை நிறுத்தினார்கள். மேலே தார் எண்ணெய் பூசினார்கள். மரம் நின்றுவிட்டது.

நம் ஊர்ப் பழைய வீட்டுத் திண்ணையைப் பாருங்கள். மரத்தூணின் அடியில் ஒரு கல் இருக்கும். அழகுக்காக மட்டும் அதை வைக்கவில்லை. தரையின் ஈரம் தூணில் ஏறாமல் அது தடுக்கிறது.

எல்லா மரமும் ஒரே மாதிரி அழுகுவதில்லை என்பதும் பழைய தச்சர்களுக்குத் தெரியும். அடிமரத்தைக் குறுக்கே வெட்டினால் நடுவில் கருத்த வட்டமும் வெளியே வெளுத்த வளையமும் தெரியும். நடுப்பகுதியைத்தான் வைரம் பாய்ந்த கட்டை என்கிறோம். பூச்சிக்கும் பூஞ்சைக்கும் பிடிக்காத எண்ணெய்களையும் வேறு வேதிப் பொருள்களையும் மரமே அங்கே சேர்த்து வைக்கிறது. தேக்கு நெடுநாள் உழைப்பதற்குக் காரணம் அதுதான். ஆனால் தேக்கிலும் வெளிவளையம் சீக்கிரம் உளுத்துப்போகும். வைரம் பாயப் பல பத்தாண்டுகள் ஆகும். எல்லோருக்கும் வீடு கட்ட அவ்வளவு தேக்குக்கு எங்கே போவது?

சீக்கிரம் வளரும் மலிவு மரத்தையே தேக்கு மாதிரி உழைக்க வைக்க முடியாதா என்று ஆராய்ச்சியாளர்கள் கேட்டார்கள். இரண்டு வழி கிடைத்தது.

முதல் வழி: உணவில் நஞ்சு

1838-இல் ஜான் பெத்தெல் என்ற ஆங்கிலேயர் ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கினார். மரங்களை ஒரு பெரிய இரும்பு உருளைக்குள் தள்ளிக் கதவை இறுக்கி மூடுவார்கள். முதலில் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். அப்போது மரத்தின் குழல்களில் உள்ள காற்றும் வெளியே வந்துவிடும். பிறகு நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த எண்ணெயை உருளைக்குள் விட்டு அழுத்தம் கொடுப்பார்கள். காலியான குழல்களுக்குள் எண்ணெய் ஆழமாகப் புகுந்துகொள்ளும். தூரிகையால் மேலே பூசினால் இந்த ஆழம் வராது. ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த சிலிப்பர் கட்டைகளை இப்படித்தான் பதப்படுத்தினார்கள்.

அடுத்த பெரிய கண்டுபிடிப்பு நம் நாட்டில் நடந்தது. டேராடூனில் உள்ள வன ஆராய்ச்சி நிலையத்தில் சொந்தி காமேசம் என்ற விஞ்ஞானி வேலை பார்த்தார். 1933-இல் அவர் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்த ஒரு கரைசலைக் கண்டுபிடித்தார். செம்பு பூஞ்சையைக் கொல்லும். செம்புக்கும் அஞ்சாத பூஞ்சைகளையும் பூச்சிகளையும் ஆர்சனிக் பார்த்துக்கொள்ளும். குரோமியத்துக்கு வேறு வேலை. மற்ற இரண்டும் மழையில் கரைந்து ஓடாதபடி மரத்தோடு பிடித்து நிறுத்துவது அதுதான். அதற்கு முன்பு பயன்படுத்திய உப்புகள் நாளடைவில் மழையில் கழுவிப்போய்விடும். காமேசத்தின் கலவை கழுவிப்போகவில்லை. உலகெங்கும் மின்கம்பங்கள், வேலிக் கால்கள், பாலங்கள் இந்தக் கலவையில் ஊறின. இதில் ஊறிய மரம் இளம்பச்சையாக இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வைரம் பாய்ந்த கட்டைக்குள் கரைசல் எளிதில் இறங்காது. வெளிவளையத்துக்குள் தாராளமாக இறங்கும். அதனால் சீக்கிரம் கெட்டுப்போகிற வெளிவளையமே பதப்படுத்திய பிறகு உறுதியான பகுதியாகிவிடும்!

ஆனால் ஆர்சனிக் மனிதருக்கும் நஞ்சு. பிள்ளைகள் ஏறி விளையாடும் ஊஞ்சல் கால், கைப்பிடி எல்லாம் இதே மரமாக இருந்தால்? இந்தக் கவலையால் அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டு முடிவோடு வீடுகளிலும் விளையாட்டுத் திடல்களிலும் வைக்கும் மரத்துக்கு இந்தக் கலவை போடுவதை உற்பத்தியாளர்கள் நிறுத்திக்கொண்டார்கள். ஆர்சனிக் இல்லாத செம்புக் கலவைகள் அந்த இடத்துக்கு வந்தன. பதப்படுத்திய பழைய மரத்தை ஒருபோதும் அடுப்பில் எரிக்கக் கூடாது. புகையிலும் சாம்பலிலும் நஞ்சு இருக்கும்.

நஞ்சு குறைந்த இன்னொரு மருந்து போரான் உப்பு. கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கமும் பால் வற்றிய ரப்பர் மரங்களை வெட்டுகிறார்கள். அந்தக் கட்டையில் மாவுச்சத்து அதிகம், வண்டு உடனே வந்துவிடும். போரான் கரைசலில் ஊறவைத்தால் நல்ல மேசை, நாற்காலி ஆகிறது. குளிர் நாடுகளில் பழைய செய்தித்தாளைப் பஞ்சு மாதிரி அரைத்து, போரான் உப்பு கலந்து, வெப்பத்தைத் தடுக்கச் சுவருக்குள் நிரப்புகிறார்கள். பூஞ்சை, பூச்சி, தீ மூன்றையும் எதிர்க்க அந்த உப்பு உதவுகிறது. ஒரே குறை, மழை பட்டால் போரான் கரைந்துவிடும். வீட்டுக்குள் மட்டும்தான் அதற்கு வேலை.

இரண்டாம் வழி: மரத்தையே மாற்றுவது

நஞ்சு சேர்க்காமல், மரத்தை நீர் குடிக்காதபடி செய்துவிட்டால்? மரத்தின் செல் சுவர்களில் ஹைட்ராக்சில் என்ற சின்னக் கூட்டுகள் ஏராளம். ஒவ்வொன்றிலும் ஓர் ஆக்சிஜன் அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் இருக்கும். நீர் மூலக்கூறுகளை இழுத்துப் பிடிப்பவை இவைதான். மழைக்காலத்தில் கதவு உப்பி இறுகிக்கொள்வதும் இவற்றால்தான். இவற்றைக் குறைக்க வேண்டும், அல்லது மூட வேண்டும்.

குறைக்கும் முறை பின்லாந்தில் 1990-களில் வளர்ந்தது. மரத்தை மூடிய சூளையில் வைத்து, 185 முதல் 215 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். தீப்பிடிக்காதா? உள்ளே நீராவியை நிரப்பிக் காற்றை விரட்டிவிடுவார்கள். ஆக்சிஜன் இல்லாததால் தீ பிடிக்காது. அந்தச் சூட்டில் ஹெமிசெல்லுலோஸ்தான் முதலில் சிதையும். நீரை அதிகம் இழுப்பதும், பூஞ்சைக்கு எளிதாகச் செரிப்பதும் அதுவே. வெளியே வரும் மரம் உள்ளும் புறமும் காப்பி நிறத்தில் இருக்கும், லேசாகப் புகை வாசனை அடிக்கும். காற்றிலிருந்து அது எடுக்கும் ஈரம் ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. வெப்பத்தைக் கடத்துவதும் நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு குறைகிறது. சேர்க்கும் பொருள் சூடும் நீராவியும் மட்டும்தான்! ஆனால் இலவசமாக எதுவும் கிடைக்காது. மரம் உடையும் தன்மை பெறுகிறது, வளைக்கும்போது தாங்கும் வலிமை குறைகிறது. அதனால் சுவர்ப் பலகைக்கும் சன்னலுக்கும் இதைப் போடலாம். பாரம் தாங்கும் உத்திரத்துக்கும், மண்ணில் நடும் கம்பத்துக்கும் ஆகாது.

மூடும் முறைதான் ஸ்னேக் பாலத்தின் ரகசியம். அசிட்டிக் அன்ஹைட்ரைடு என்ற திரவத்தில் பைன் மரத்தை ஊறவைத்துச் சூடாக்குகிறார்கள். ஹைட்ராக்சில் இருக்கும் இடத்தில் அசிட்டைல் என்ற பெரிய கூட்டு வந்து ஒட்டிக்கொள்கிறது. அது நீரை இழுக்காது. செல் சுவரில் நீர் வந்து உட்கார வேண்டிய இடத்தையும் அடைத்துக்கொள்கிறது. மரம் ஏற்கெனவே உப்பிய நிலையில் நின்றுவிடுவதால் மழையில் மேலும் உப்புவதில்லை, வெயிலில் சுருங்குவதும் மிகக் குறைவு. பூஞ்சை செல்லுலோஸை உடைக்கச் சில வேதிப் பொருள்களை அனுப்பும். அவை செல் சுவருக்குள் பயணம் செய்ய நீர் வேண்டும். நீர் இல்லாததால் அவை வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

இந்த வேதிவினையில் உபரியாக வருவது அசிட்டிக் அமிலம், வினிகரைப் புளிக்க வைக்கும் அதே அமிலம். அதனால் இந்த மரத்தைப் புதிதாக அறுத்தால் வினிகர் வாசனை வரும். சாதா இரும்பு ஆணி அடித்தால் துருப்பிடித்துவிடும் என்று தச்சர்கள் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளைப் போடுகிறார்கள்.

1928-லேயே ஜெர்மனியில் ஒருவர் மரத்தில் இந்த வினையைச் செய்து பார்த்துவிட்டார். ஆனால் நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் நகரில் பெரிய ஆலையாக வளர 2000-களாகிவிட்டது. ஆய்வகத்தில் ஒரு துண்டைப் பதப்படுத்துவது எளிது. தடித்த பலகையின் நடு வரைக்கும் சீராகச் செய்வது கடினம், செலவும் அதிகம்.

நம்புவது எப்படி?

50 ஆண்டு உழைக்கும் என்று ஒருவர் சொன்னால் 50 ஆண்டு காத்திருக்கவா முடியும்? ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையில் பூஞ்சையை வளர்த்து, அதன் மேல் சின்ன மரத்துண்டுகளை வைப்பார்கள். 16 வாரம் கழித்து எடுத்து உலர்த்தி நிறுப்பார்கள். எடை எவ்வளவு குறைந்ததோ, பூஞ்சை அவ்வளவு தின்றிருக்கிறது.

ஆனால் குடுவைக்குள் கரையான் இல்லை, மழை இல்லை, வெயில் இல்லை. அதனால் திறந்தவெளிச் சோதனையும் உண்டு. அரை மீட்டர் நீளமுள்ள முளைக்குச்சிகளை வரிசை வரிசையாக மண்ணில் பாதி புதைப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இடுகாடு மாதிரி இருக்கும், ஆராய்ச்சியாளர்கள் கல்லறைச் சோதனை என்றே சொல்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு தடவை ஒவ்வொரு குச்சியையும் பிடுங்கி, மண்ணைத் துடைத்து, தட்டிப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். நம் பள்ளிக்கூடத்துக்கு நேர்மாறு இங்கே: சேதமே இல்லையென்றால் 0, தட்டியதும் முறிந்தால் 4. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 1938 முதல் இப்படிச் சோதித்து வருகிறார்கள். பதப்படுத்தாத பைன் குச்சிகள் சில ஆண்டுகளில் முறிந்தன. காமேசத்தின் கலவையில் நன்றாக ஊறியவை பல பத்தாண்டுகளாக நின்றன.

ஐரோப்பாவில் மரங்களை இப்படி ஐந்து வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகுப்பு மிக நீடித்தது, ஐந்தாம் வகுப்பு சீக்கிரம் கெடுவது. தேக்கின் வைரம் முதல் வகுப்பு. ராடியாட்டா பைன் நான்கு, ஐந்தில் கிடக்கிறது. அசிட்டைல் ஏற்றிய அதே பைன் முதல் வகுப்புக்கு வந்துவிடுகிறது!

செய்து பாருங்கள்: தோட்டத்தில் ஒரு கல்லறைச் சோதனை

தச்சுப் பட்டறையில் கழிவுத் துண்டுகள் கேட்டு வாங்குங்கள். தேக்கு, வேம்பு, மா, பழப்பெட்டிப் பலகை என்று நான்கு வகை போதும். எல்லாம் ஒரே அளவில் இருக்கட்டும். மாமரத்தில் மட்டும் கூடுதலாக இரண்டு துண்டு வேண்டும். பச்சை நிறம் ஏறிய மரம், பழைய பெயிண்ட் அடித்த மரம் வேண்டாம்.

எல்லாத் துண்டுகளையும் சில நாள் வெயிலில் காயவைத்து, சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வகையிலும் ஒரு துண்டை நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் பாதி ஆழத்துக்குப் புதையுங்கள். பெயர் எழுதிய அட்டை நடுங்கள். மீதியுள்ள இரண்டு மாமரத் துண்டுகளில் ஒன்றை அதே இடத்தில், மண் படாமல் ஒரு கல்லின் மேல் வையுங்கள். இன்னொன்று வீட்டுக்குள் இருக்கட்டும்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். மண்ணைத் துடைத்து, காயவைத்து, நிறுத்து, 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுங்கள். பழுப்பாக வெடித்திருக்கிறதா, வெளுத்து நாராகியிருக்கிறதா, கரையான் மண் ஏறியிருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். மண்ணைக் கிளறும்போது தேள், பூரான் இருக்கலாம். செருப்புப் போட்டுக்கொண்டு, பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

புதைக்கும் முன்பே எது முதலில் முறியும், எது கடைசிவரை நிற்கும் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். மூன்று மாமரத் துண்டுகளின் எடையை எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மூன்றும் ஒரே மரம்தான், வித்தியாசம் ஈரத்தில் மட்டும். உங்கள் கணிப்பு தப்பினால் வருத்தம் வேண்டாம்: மண்ணா, மழையா, மரத்தின் வெளிவளையமா என்று காரணம் தேடி, அடுத்த வரிசைக் குச்சிகளை நட்டுவிடுங்கள்.